சமச்சீர் கம்ப்யூட்டர்

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் விவரம் தெரிந்தவர்கள் கடைக்குப் போவார்கள், ஒரு பெட்டியைக் கை காட்டுவார்கள், கார்டைத் தேய்ப்பார்கள், ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வார்கள். அசெம்பிள் செய்துகொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவு முக்கியமில்லை. அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சாக்குதான் முக்கியம். நான் அந்த ரகம். வரவு செலவுக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு, வீட்டில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு விஷயம் தெரிந்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது. சாக்கெட், சிப்செட் என்று பத்து வார்த்தை கற்றுக்கொண்டால் அந்தக் குறை தீரும் என்று பட்டது.

சாக்கு தானாகவே வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்று திரையில் ஒரு நோட்டீஸ். பதினொன்றுக்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசஸராவது வேண்டும். எங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3. பொத்தானை அமுக்கிவிட்டு, டிகாக்ஷன் இறக்கி, பால் காய்ச்சி, காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்து பார்த்தால், அப்போதுதான் 'வெல்கம்' சொல்லிக்கொண்டிருக்கும்.

"மாமா, இதுல ஸ்லோவா இருக்கறது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க, ஜம்முனு ஓடும்" என்றான் மச்சினன். அவன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான், அவன் சொன்னது சரியும்கூட. சுழலும் தட்டின்மேல் முனை நகர்ந்து நகர்ந்து தேடுகிற ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் தகவல்களை நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைதான் எடுத்துத் தரும். எஸ்.எஸ்.டி. அதே நொடியில் பல்லாயிரம் தடவை தந்துவிடும். ஆனால் ரெண்டாயிரம் ரூபாயில் முடிகிற காரியத்துக்கு நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அத்தனை வீடியோ பார்த்திருக்க வேண்டியதில்லையே! "விண்டோஸ் பதினொண்ணு ஏறாதேப்பா. பாதுகாப்புப் பிரச்சினை" என்றேன். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் நாட்டு பட்ஜெட்டிலேயே அதிகம் கேள்வி வருவதில்லை. வீட்டிலும் வரவில்லை. எழுபத்தைந்தாயிரம் ஒதுக்கப்பட்டது.

செய்தி கேட்ட அன்று ராத்திரியே பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒரு லிஸ்ட் கொடுத்தான். ஐ9-14900கே பிராசஸர். ஆர்.டி.எக்ஸ். 5090 கிராஃபிக்ஸ் கார்டு. 64 ஜி.பி. ரேம். 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர். கண்ணாடிக் கேபினெட். கீழே மொத்தம் போடவில்லை. பெருந்தன்மையாக அதை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தான். போட ஆரம்பித்தேன். கார்டு ஒன்றே இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அது 575 வாட் இழுக்கும். பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 253 வாட். எங்கள் வீட்டு மிக்ஸியே 550 வாட்தான். அதை அம்மாக்காரி ஐந்து நிமிஷத்துக்குமேல் ஓடவிட்டால் நான் அடுப்படியை எட்டிப் பார்ப்பேன்.

"எதுக்குடா இவ்வளவு?"

"ஜி.டி.ஏ. 6 வருதுப்பா."

விசாரித்தேன். வருகிறதுதான், 2026 நவம்பர் 19-இல் வருகிறதாம். ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு என்று தேதி எதுவும் சொல்லவில்லை. இந்தக் குண்டைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். மகன் ரசத்தைப் பிசைந்தபடியே, "அதான்ப்பா சொல்றேன். அது வர்றதுக்குள்ள நாம ரெடியா இருக்கணும்" என்றான். பையனை வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம் என்று இருக்கிறேன்.

மகள் விஸ்காம் இரண்டாம் வருஷம். எந்த நேரமும் ஏதாவது ஒரு குறும்படத்தை வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருப்பாள். மனைவி ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுடைய நிபந்தனைகள் மூன்று: சத்தம் வரக் கூடாது, தூசி அடைக்கக் கூடாது, துடைப்பம் போய்வர இடம் இருக்க வேண்டும். மகனுடைய லிஸ்டை வாங்கிப் பார்த்தவள் கூலரில் நின்றுவிட்டாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா?"

"ஆமாம். சின்னதா ஒரு பம்பு இருக்கும். பிராசஸர் சூட்டை வாங்கிக்கிட்டு சுத்திச் சுத்தி வரும்."

"மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணியா? லாரின்னா உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

இந்த இடத்தில்தான் நான் தத்துவத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஜீன் ஆம்டால் என்று ஒருவர், ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர்களில் தலையானவர். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும், மாறாமல் நிற்கிற மீதிப் பகுதி மொத்த லாபத்துக்கு ஒரு கோடு போட்டுவிடும் என்று 1967-இல் சொன்னார். பத்து நிமிஷ வேலையில் ஆறு நிமிஷம் பிராசஸருடையது, நாலு நிமிஷம் டிஸ்க்குடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்தை விற்று, கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கிற பிராசஸரை வாங்கி மாட்டினாலும் அந்த நாலு நிமிஷம் நாலு நிமிஷம்தான். அவர் பெயரிலேயே இன்னொரு கைக்கணக்கும் உண்டு: நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை ஓட்டுகிற இயந்திரத்துக்குப் பத்து லட்சம் பைட் நினைவகம் வேண்டும், நொடிக்குப் பத்து லட்சம் பிட் உள்ளே வெளியே போய்வர வழியும் வேண்டும். மூன்றில் ஒன்று இளைத்தாலும் மற்ற இரண்டுக்கும் போட்ட பணம் தண்டம். இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"இதைச் சொல்ல அமெரிக்காக்காரர் வரணுமா?" என்றாள் மனைவி. "ஹவுஸ் ஓனர் போன வருஷம் மேல ஆயிரம் லிட்டர் டேங்க் வச்சார். கீழ ஒன்றரை எச்.பி. மோட்டார் போட்டார். பாத்ரூமுக்கு வர்றது என்னவோ அதே அரை இஞ்ச் துருப்பிடிச்ச பைப்பு. ஷவர்ல தண்ணி நூல் மாதிரிதானே வருது?"

நான் மூன்று வாரம் படித்ததை அவள் ஷவரில் முடித்துவிட்டாள். போகட்டும். அன்றிலிருந்து எங்கள் அரை இஞ்ச் பைப் எது என்று தேட ஆரம்பித்தேன். முதல் பைப் மேஜைமேலேயே உட்கார்ந்திருந்தது: மானிட்டர். 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 60 தடவை படம் மாற்றும். விளையாட்டில் யார் எங்கே நிற்கிறான், யார் சுட்டான், யார் விழுந்தான் என்று ஒவ்வொரு படத்துக்கும் பிராசஸர் கணக்குப் போட்டுத் தர, அதைக் கார்டு வரைந்து தர வேண்டும். இருவரில் யார் மெதுவோ அந்த வேகம்தான் கைக்குக் கிடைக்கும். மகன் கேட்ட கார்டு நொடிக்கு 200 படம் வரைந்து தள்ளட்டுமே, எங்கள் மானிட்டர் காட்டப்போவது 60. மீதி 140 படத்தை யார் பார்ப்பது? சரி, 4கே மானிட்டர் வாங்குவோம் என்றால் புள்ளிகள் இருபது லட்சத்திலிருந்து எண்பத்து மூன்று லட்சமாகும். அப்போது கார்டுக்கு மூச்சு வாங்கும், பிராசஸர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆக, திரையைப் பார்த்துக் கார்டு, கார்டைப் பார்த்துப் பிராசஸர், எல்லாவற்றையும் பார்த்து, மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்று வாலிலிருந்து தலைக்கு வர வேண்டிய கணக்கு இது. உலகம் முழுக்கப் பிராசஸரில் ஆரம்பித்து, கடைசியில் கையில் மிஞ்சியதற்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறது.

எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன். பொருளுக்கு ஒரு வரிசை, கடைக்கு ஒரு பத்தி, மலிவுக்குப் பச்சை, கொள்ளைக்குச் சிவப்பு. ஆபீஸில் நான் அதில் மூழ்கியிருந்ததைப் பார்த்த மேனேஜர், காலாண்டுக் கணக்கு முடிக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னை உதாரணமாகக் காட்டினார்.

இந்த வியாபாரத்தில் எதையும் தனியாக மாற்ற முடியாது. பிராசஸரை மாற்றினால் சாக்கெட் மாறும், சாக்கெட் மாறினால் போர்டு மாறும், போர்டு மாறினால் ரேம் மாறும். ஏ.எம்.டி.யில் ஏ.எம். 4 சாக்கெட் பழசு. 2017-இல் முதல் ரைசன் வந்ததே அதில்தான். டி.டி.ஆர். 4 ரேம், அடக்கமான விலை. 2022-இல் வந்த ஏ.எம். 5 டி.டி.ஆர். 5 மட்டும்தான் ஏற்கும். ஆனால் நாலு வருஷம் கழித்துப் பிராசஸரை மட்டும் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். எதிர்காலத்துக்கு இடம் விட்டு வாங்குவதென்றால் எனக்கு உயிர். எதிர்காலத்தில் ஏ.சி. மாட்டலாம் என்று ஹவுஸ் ஓனரிடம் மன்றாடி வைக்கச் சொன்ன பாயின்ட் ஒன்று எங்கள் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. அதில் கொசு மெஷின் ஓடுகிறது.

பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் பிராசஸரிலிருந்து படம் வராது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை கறுப்புத்தான். ரைசன் 5 5600-உம் அப்படியே. 'ஜி' சேர்ந்த 5600ஜி-க்குக் கார்டே வேண்டாம். டியூஷனுக்கும் என் எக்செல்லுக்கும் அந்த 'ஜி'யே தாராளம், எழுபத்தைந்தாயிரத்தில் பாதி மிச்சம். கார்டு வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது மகன் வாயே திறக்கவில்லை. மகள்தான் பேசினாள்: வெட்டி முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்குகிற வேலைக்கென்றே கார்டில் தனியாக ஒரு பகுதி உண்டு, அது இல்லாவிட்டால் பிராசஸர் தலையிலேயே எல்லாம் விழும், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும். "பொண்ணு படிப்புக்குன்னா வாங்கிடுங்க" என்றாள் மனைவி. தீர்ப்பு வந்த நொடியில் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்த விதம் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆடியில் போட ஆரம்பித்த ஷீட் இது. ஏ.எம். 4-க்கும் 5-க்கும் நடுவில் நான் ஆடிக்கொண்டிருந்தபோது, ஐப்பசியில் ரேம் விலை கிளம்பியது. உலகத்தில் ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்கிறவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் அவர்களிடமிருந்து அள்ளிக்கொண்டு போக, கடைத்தெருவுக்கு வருவது சுருங்கிவிட்டது. டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. என் ஷீட்டில் ரேம் வரிசை பச்சையிலிருந்து சிவப்பாகி, பிறகு அதற்குமேல் நிறம் இல்லாமல் நின்றது. டி.டி.ஆர். 5 கைக்கெட்டாத உயரத்துக்குப் போக, டி.டி.ஆர். 4-உம் பின்னாலேயே ஏறியது. காலையில் மனைவி தங்கத்தின் விலையைப் படிப்பாள், நான் ரேமின் விலையைப் படிப்பேன். இரண்டு பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது கல்யாணமான புதிதில்கூட நடந்ததில்லை. ஆடியிலேயே வாங்கியிருக்கலாமே என்று அவள் ஒரு தடவைக்குமேல் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.

"பழசுல ரேம் இருக்கே, அதைக் கழட்டிப் போட்டுக்கக் கூடாதா?"

"அது டி.டி.ஆர். 3. அடியில இருக்கற வெட்டு வேற இடத்துல இருக்கும். புது ஸ்லாட்டுல உக்காராது."

"வேணும்னே மாத்தி வச்சிருக்காங்க."

வேண்டுமென்றேதான். 1.5 வோல்ட்டில் ஓடுவதை 1.2 வோல்ட் ஸ்லாட்டில் யாரும் அமுக்கிவிடக் கூடாது என்று. ஆனால் அவள் சொன்ன அர்த்தத்தில் அதை ஒப்புக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும் என்பதால் ஒப்புக்கொண்டேன். சாக்கெட் வழக்கையும் ரேம் விலையே தீர்த்துவைத்தது: ஏ.எம். 4, ரைசன் 5 5600. எதிர்காலம் கொசு மெஷினோடு போகட்டும்.

ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் அதைவிடப் பெரிய இரைச்சல். தலையில் மானிட்டர் அட்டைப் பெட்டியோடு ஓடுகிறவர், நடுத்தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு சார்ஜர் பேரம் பேசுகிறவர், கையில் கத்தை கத்தையாகக் கேபிளை மாட்டிக்கொண்டு "எச்.டி.எம்.ஐ., எச்.டி.எம்.ஐ." என்று கூவுகிறவர். ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய மாடிப்படியில் மேலே நாலு பேரும் கீழே மூன்று பேரும் சந்தித்து, யார் பின்வாங்குவது என்று தீர்மானித்த பிறகுதான் கடைக்குள் போக முடிந்தது.

கடைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "சொல்லுங்க சார். ஆபீஸ் யூஸா, கேமிங்கா, எடிட்டிங்கா?"

"மூணும்."

"பட்ஜெட்?"

"எழுபத்தஞ்சு. ஆனா அதுக்கு முன்னாடி…" என்று நான் நாலு பக்க பிரின்ட் அவுட்டை எடுத்து விரித்தேன். அவன் மரியாதையாக அதை ஓரமாக நகர்த்தி, ஒரு பழைய பில்லின் முதுகில் ஏழு வரி எழுதித் தள்ளினான். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. ரைசன் 5 5600. பி550 போர்டு. 8 ஜி.பி. ரேம் இரண்டு. ஆர்.டி.எக்ஸ். 5060. ஒரு டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட். ஆடியிலிருந்து நான் பெற்று வளர்த்த ஷீட்டின் கடைசிப் பக்கத்தையும் இந்தப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மச்சினன், ஒரு வரியைத் தவிர எல்லாம் ஒன்றேதான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான்.

அந்த ஒரு வரி கேபினெட். நான் ரகசியமாக ஆசைப்பட்டது முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி, உள்ளே மூன்று ஃபேன், வினாடிக்கொரு வண்ணம். எல்லாப் பொருத்தத்தையும் பார்த்தது மூளை. இதைப் பார்த்தது மட்டும் மனசு. "முன்னாடி கண்ணாடின்னா காத்து எங்கேர்ந்து சார் வரும்? மெட்ராஸ் வெயிலுக்கு மெஷ்தான்" என்றான் பையன். அது நியாயம், உள்ளே எவ்வளவு ஃபேன் சுற்றினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது, அதற்குமேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் காற்றோட்டத்தின் கையில் இருக்கிறது. "லைட்டு எதுக்குங்க? பூஜை ரூம்ல சீரியல் செட் ஓடுதே, அங்க போய்ப் பாருங்க" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கறுப்பு மெஷ் கேபினெட்டுக்குத் தலையாட்டினேன். மகன் ஆறுதலாக என் முதுகைத் தட்டினான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. கேபினெட்டோடு சேர்த்தே 450 வாட் ஒன்று வரும், எழுநூறு ரூபாய்தான் கூட, 550 வாட்டுக்கு நாலாயிரம் எதற்கு என்று பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. இரண்டையும் எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தான். "தூக்கிப் பாருங்க சார்." நாலாயிரம் ரூபாய் மணிக்கட்டை இறக்கியது. எழுநூறு ரூபாய் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. பிறகு பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இதைத்தானே செய்கிறேன்! மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்: 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட் வழியில் வருவதைத்தான். பன்னிரண்டு பதினாறு 192. மீதி 258 வாட்டை, யாரும் அதிகம் கேட்காத மற்ற வழிகளில் காட்டி மொத்தத்தைக் கூட்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட பேலன்ஸ் ஷீட்டுகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! இன்னொன்றில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், 540 வாட். ஒழுங்கான கணக்கு. "80 பிளஸ் பிரான்ஸ்" என்ற முத்திரை வேறு. சுவரிலிருந்து வாங்கியதில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் உள்ளே கொடுக்கிறது, அதிகம் சூடாக்கி வீணடிப்பதில்லை என்று அதற்கு அர்த்தம்.

நான் இதை விளக்கி முடித்தபோது கடையில் ஒரு கணம் நிசப்தம். பெரியவர் தன் 450-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் ஆடிட்டர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிராசஸர் அதிகபட்சம் 88, கார்டு 145, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது, ஆக முந்நூறுக்குள் என்று மூச்சு விடாமல் கூட்டியும் காட்டினேன். வீட்டு யு.பி.எஸ். 600 வி.ஏ.; அது ஏமாந்தவர்கள் நினைக்கிற மாதிரி 600 வாட் இல்லை, 360. மானிட்டரையும் சேர்த்து அதற்குள் அடங்குகிறது. மகனுடைய லிஸ்டை மாட்டியிருந்தால் கரண்ட் போன அடுத்த நொடி அதுவும் போயிருக்கும். "போதும் மாமா, டீ ஆறுது" என்றான் மச்சினன்.

அசெம்பிள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஏ.எம். 4 பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள், முடி கனம். ஒன்று வளைந்தாலும் போயிற்று. பையன் அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனில் யாருக்கோ ஹார்ட் டிஸ்க் விலை சொல்லிக்கொண்டிருந்தான். நான் மூச்சு விடவில்லை. மூலையில் இருந்த தங்க முக்கோணத்தைப் போர்டில் இருந்த முக்கோணத்துக்கு நேராகக் காட்டி, கையை எடுத்தான். அமுக்கவே இல்லை, அது தானாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பிறகுதான் ஓரத்துக் கம்பியைச் சாய்த்தான். கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் கம்பெனியிலேயே தடவி வந்திருந்தது. எதிரெதிர் மூலையாக நாலு திருகு. ரேமை இரண்டாவது ஸ்லாட்டிலும் நாலாவதிலும் டக், டக் என்று ஏற்றினான். பக்கத்துப் பக்கத்தில் போடக் கூடாதா என்றேன். "ஒரே 16 போடாம ரெண்டு எட்டா எதுக்கு வாங்கினீங்க? ரெண்டு பாதையிலயும் ஓடத்தானே? பக்கத்துல போட்டா ரெண்டும் ஒரே பாதையில போகும் சார்."

எல்லாம் மாட்டி, ஸ்விட்சைத் தட்டி, டெலிட் கீயை நாலு தரம் அடித்து நீலத் திரைக்குள் போனான். ரேம் 2400 என்று காட்டியது. எனக்குப் பகீரென்றது, நான் காசு கொடுத்தது 3200-க்கு. "எல்லாத்துக்கும் இப்படித்தான் காட்டும். நாமதான் எக்ஸ்.எம்.பி.ய ஆன் பண்ணணும். 3200 வாங்கி வருஷக்கணக்கா 2400-ல ஓட்டுறவங்க நிறைய பேரு இருக்காங்க சார்" என்று ஒரு வரியை மாற்றினான். கேட்டதற்கு மட்டும் உழைக்கிற அந்தக் குணம் எனக்கு மிகவும் பரிச்சயமாக இருந்தது. ஆபீஸில் என்னையும் யாரும் ஆன் பண்ணியதில்லை.

வீட்டுக்கு வந்தது. இப்போது பொத்தானை அமுக்கினால் டம்ளரை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. மகளுடைய ரெண்டர் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிகிறது. வாலரன்ட் என்று மகன் ஆடுகிறானே ஒரு விளையாட்டு, அதற்கு இதில் பாதிகூடத் தேவையில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன், சொல்லித்தான் பயனில்லை. பிராசஸர் கார்டுக்காகக் காத்திருப்பதில்லை, கார்டு ரேமுக்காகக் காத்திருப்பதில்லை, ரேம் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதில்லை.

காத்திருப்பது நாங்கள். ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, நாலு பேர். பழைய கம்ப்யூட்டர் இருந்தபோது அதன் பக்கமே யாரும் போகாததால் இந்தச் சிக்கல் எழுந்ததில்லை. 1964-இல் அந்த சிஸ்டம்/360 வந்த காலத்தில், ஓட்டை போட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு, தன் முறை எப்போது வரும் என்று ஆட்கள் வராந்தாவில் நிற்பார்களாம். எங்கள் வீட்டு ஹால் அப்படி ஆகிவிட்டது. சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு டியூஷன். எட்டிலிருந்து பத்தரை குறும்படம். பத்தரைக்குமேல் "பிராஜெக்ட்". மகள் ரெண்டர் போட்டுவிட்டு எழுந்தால், தொடக் கூடாது என்று கீபோர்டின்மேல் துண்டைப் போர்த்திவிட்டுப் போகிறாள். அதற்குள் கை விட்டு மகன் எதையோ பார்க்கிறான்.

மாதம் 20-ஆம் தேதி வந்தது. பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்காரருக்கு நான்தான் ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்துகொடுப்பேன். மாதம் ஐந்நூறு ரூபாய், கம்ப்யூட்டர் வாங்கியதை நியாயப்படுத்த நான் காட்டியிருந்த ஒரே வருமானம் அதுதான். ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டேன், இடமில்லை. பத்தரைக்குக் கேட்டேன், "அப்பா, மேட்ச் நடுவுல எழுந்தா பெனால்டிப்பா" என்றான். என் பணம், என் எக்செல், என் எஸ்.எம்.பி.எஸ். என்று குரலை உயர்த்திப் பார்த்தேன். மகள் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்:

"அப்பா: விடிகாலை 4.45 – 5.30. ஜி.எஸ்.டி. மட்டும். பழைய பாட்டு கூடாது. முடிந்ததும் துண்டைப் போர்த்தவும்."